மின்னணு ஆலைகளின் சி.எஸ்.ஆர். திட்டங்களால் யாருக்கு என்ன கிடைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரத்தில் செல்பேசியும் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் செய்யும் ஆலைகளைச் சுற்றி வாழ்பவர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. மகளை ஆலை வேலைக்கு அனுப்பிய பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். ஊராட்சி உறுப்பினர்களும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களும், உற்பத்தி லைனில் நின்று வேலை பார்ப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதியிருக்கிறேன்.

சி.எஸ்.ஆர். என்று எதைச் சொல்கிறார்கள்?

கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி, அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு. இந்த ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, இந்தியச் சட்டப்படி ஒரு கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கை ஊருக்காகச் செலவிடுவது. பள்ளிக் கட்டடம், ஏரி தூர்வாருதல், மருத்துவ முகாம் எல்லாம் இதில் வரும். இது ஆலை வாசலுக்கு வெளியே நடப்பது. இரண்டாவது, பெரிய பிராண்டுகள் தங்களுக்குப் பொருள் செய்து கொடுக்கும் ஆலைகளுக்கு விதிக்கும் நடத்தை விதிகளும், அவற்றைச் சரிபார்க்க வரும் தணிக்கைகளும். இது வாசலுக்கு உள்ளே நடப்பது.

யாராவது "இந்தக் கம்பெனி சி.எஸ்.ஆர். நன்றாகச் செய்கிறது" என்று சொன்னால், எந்தப் பக்கத்தைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். ஒரு பக்கத்தில் வாங்கிய நற்பெயரால் மறுபக்கத்துக் குறை மறைந்துபோவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சட்டப்படி எந்தக் கம்பெனி, எவ்வளவு செலவிட வேண்டும்?

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு (சொத்தில் கடனைக் கழித்தது) 500 கோடி ரூபாய், விற்றுமுதல் (ஆண்டு விற்பனை) 1,000 கோடி ரூபாய், நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிய கம்பெனி இதில் அடங்கும். முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது. இந்த ஒரு வரியை ஊராட்சிகள் இன்னும் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் ஆதங்கம்.

இவ்வளவு பெரிய ஆலை. ஊருக்கு வரும் பணம் மட்டும் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது?

கணக்கு லாபத்தின் மீது போடப்படுகிறது, விற்றுமுதலின் மீது போடப்படுவதில்லை. செல்பேசியை ஒன்றுசேர்த்துக் கொடுக்கும் ஒப்பந்த உற்பத்தி என்பது மிகக் குறைந்த லாப விகிதத்தில் ஓடும் தொழில். ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 10,000 கோடி ரூபாய்க்குப் பொருள் விற்கும் ஓர் ஆலைக்கு 1 சதவீதம்தான் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் 100 கோடி, அதில் 2 சதவீதம் 2 கோடி. அந்த ஆலையில் 20,000 பேர் வேலை செய்தால், ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 3 ரூபாய்க்கும் குறைவு.

இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அன்றாடத்தை நிர்ணயிப்பவை ஆலை தரும் கூலியும் வேலை நேரமும் உணவும் தங்குமிடமும்தான். அந்த அளவோடு ஒப்பிட்டால் 2 சதவீதம் என்பது ஓரத்துச் செலவு.

அந்தப் பணத்தை ஆலைத் தொழிலாளர்களுக்கே செலவிட்டால் என்ன?

சட்டம் அனுமதிக்காது. 2021 ஜனவரி 22-இல் திருத்தப்பட்ட விதிகள், தன் ஊழியர்களுக்குப் பயன் தருவதற்காக ஒரு கம்பெனி செய்யும் செலவு சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. வேறு சட்டங்களின்படி செய்தே ஆகவேண்டிய எதையும் இந்தக் கணக்கில் எழுத முடியாது.

அது சரியான விதி என்றே நான் நினைக்கிறேன். தொழிலாளிக்குச் சுத்தமான கழிப்பறையும் பாதுகாப்புக் கருவியும் கொடுப்பது முதலாளியின் கடமை. அதைத் தர்மக் கணக்கில் எழுத விட்டால் கடமை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போய்விடும். ஆனால் இதிலிருந்து இன்னொன்றும் புலப்படுகிறது: கம்பெனி வெளியிடும் சி.எஸ்.ஆர். தொகையை வைத்து, லைனில் நிற்பவரின் நிலைமையைப் பற்றி ஒரு சொல்லும் தெரிந்துகொள்ள முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பறைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரவேற்புரை வாசித்தாள். பணம் கொடுத்த அதே ஆலையில் அவளுடைய அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி நேராகப் பள்ளிக்கு வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உட்கார நாற்காலி இருந்தும் அவர் சுவரோரம் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி வைத்தபடி நின்றார். "உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் சார், தங்கச்சி பேசுவதைக் கேட்கவேண்டும்" என்றார். வகுப்பறை நல்ல வகுப்பறைதான், தங்கைக்கு அது பயன்பட்டது. அக்காவின் கால்கள் மட்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறையும் குடிநீர் இயந்திரமும் கொடுத்தார்கள். அதையும் குறை சொல்கிறீர்களா?

இல்லை. பெண் குழந்தைகள் வயதுக்கு வந்ததும் பள்ளியை விட்டு நிற்பதற்குக் கழிப்பறை இல்லாததும் ஒரு காரணமாக இருந்த ஊர்களை எனக்குத் தெரியும். அங்கே ஒரு கதவும் தாழ்ப்பாளும் எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தாய்மார்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

என் கவலை இரண்டாம் ஆண்டைப் பற்றியது. கட்டிக் கொடுப்பதற்குப் பணம் வருகிறது. மோட்டார் பழுதானால், தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டால், ஃபில்டர் மாற்ற வேண்டியிருந்தால் யார் பணம் தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. கம்பெனியின் பெயர்ப்பலகை பளிச்சென்று இருக்க, அதன் கீழே குடிநீர் இயந்திரம் துணி போர்த்திக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். தலைமையாசிரியர் தன் கையிலிருந்து இரண்டு முறை ஃபில்டர் வாங்கிப் போட்டுவிட்டு மூன்றாவது முறை கைவிட்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திட்டம் பயன் தந்ததா என்று பிறகு பார்க்கும் விளைவு மதிப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது, ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனிகளுக்கு, அதிலும் 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டும்தான். ஒரு பள்ளிக் கழிப்பறை அந்த வரம்புக்குள் வரவே வராது. ஆகவே யாரும் திரும்பி வந்து பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பொருளை வாங்கிக்கொள்ளும் முன் 3 ஆண்டுப் பராமரிப்பை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்பதற்குத்தான் நம்மவர்கள் தயங்குகிறார்கள்.

பிராண்டுகளின் நடத்தை விதிகள் என்ன சொல்கின்றன?

மின்னணுத் துறையில் பரவலாகப் பின்பற்றப்படுவது, ரெஸ்பான்சிபிள் பிசினஸ் அலையன்ஸ் என்ற கூட்டமைப்பின் விதித்தொகுப்பு. 2004-இல் எச்.பி., டெல், ஐ.பி.எம். உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து வேறு பெயரில் தொடங்கியது. 2017-இல் இந்தப் பெயருக்கு மாறியது. உழைப்பு, உடல்நலமும் பாதுகாப்பும், சுற்றுச்சூழல், நேர்மை, நிர்வாக முறை என ஐந்து பகுதிகள். வாரத்துக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) உள்பட 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஏழு நாளில் ஒரு நாளாவது விடுப்பு தரவேண்டும். கட்டாய வேலை, குழந்தைத் தொழில், பாகுபாடு கூடாது. சங்கம் சேரும் உரிமையை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு இணங்க மதிக்க வேண்டும்.

வாசிக்க நல்ல விதிகள். ஆனால் மீறினால் தண்டிப்பவர் அரசு அல்லர், ஆர்டர் கொடுக்கும் வாடிக்கையாளர். அந்த வாடிக்கையாளருக்கே பொருள் அவசரமாகத் தேவைப்படும்போது என்ன ஆகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தணிக்கைக்கு வருபவர்களுக்கு உண்மை நிலவரம் தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். தீயணைப்பு வழி அடைபட்டிருக்கிறதா, ரசாயனக் கலன்களில் பெயர் ஒட்டியிருக்கிறதா, சம்பளப் பட்டியலும் வருகைப் பதிவும் பொருந்துகின்றனவா என்பவற்றை அனுபவமுள்ள தணிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார். பயத்தை அவரால் கண்டுபிடிக்க முடியாது. மேலாளர் தேர்ந்தெடுத்து அனுப்பிய பத்துப் பேரிடம், ஆலைக்குள்ளேயே ஓர் அறையில் வைத்து, "ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

சுங்குவார்சத்திரத்தில் ஒரு வாடகை அறையில் ஐந்து பேரோடு தங்கியிருந்த பெண் ஒருவர் என்னிடம் சொன்னது நினைவில் இருக்கிறது. "கழிப்பறையில் சோப்பு வைத்திருந்தால் ஆடிட் வருகிறது என்று தெரிந்துகொள்வோம். அன்றைக்கு டார்கெட் குறைவாக இருக்கும், லைன் லீடர் கத்தமாட்டார். ஆடிட்காரர்கள் வாரா வாரம் வரக்கூடாதா என்று இருக்கும்." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே ஆசைப்பட்டுச் சொன்னார். ஆலை எப்படி இருக்கவேண்டும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும், அதைச் செய்யவும் முடியும் என்பதற்கு அந்த ஒரு நாள்தான் சான்று.

அப்படியானால் இந்த விதிகளால் எதுவுமே மாறவில்லையா?

மாறியிருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது மலேசியா. அங்குள்ள மின்னணு ஆலைகளில் நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியா, மியான்மர் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வருவார்கள். கடன் அடையும்வரை வேலையை விடமுடியாது. பலருடைய பாஸ்போர்ட்டும் முதலாளி அல்லது ஏஜெண்டின் கையில் இருக்கும். தொழிலாளர் நிலைமையை ஆராயும் வெரிட்டே என்ற அமைப்பு 501 தொழிலாளர்களிடம் பேசி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாகத் தெரிந்தது. அதற்கு மறு ஆண்டே, மேலே சொன்ன கூட்டமைப்பின் விதி மாற்றப்பட்டது: வேலைக்குச் சேர்வதற்குத் தொழிலாளி எந்தக் கட்டணமும் கொடுக்கக்கூடாது, கொடுத்திருந்தால் திருப்பித் தரவேண்டும். ஆப்பிள் நிறுவனமும் 2015 முதல் இதே விதியைக் கொண்டுவந்தது. பல ஆலைகள் வசூலித்த பணத்தைத் தொழிலாளர்களிடம் திருப்பிக் கொடுத்தன. நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வெளிநாடு போன ஒருவரின் குடும்பத்தை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

இன்னொன்று ரசாயனம். சீனாவின் சூச்சோ நகரில் ஆப்பிளுக்குத் தொடுதிரை செய்து கொடுத்த வின்டெக் ஆலையில், திரையைத் துடைக்க ஆல்கஹாலுக்குப் பதிலாக என்-ஹெக்சேன் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தினார்கள். அது சீக்கிரம் காய்ந்துவிடும், லைன் வேகமாக ஓடும். காற்றோட்டம் போதாத அறையில் அதை நாள் முழுவதும் சுவாசித்தால் நரம்பு கெடும். கை கால் மரத்துப்போகும், நடை தளரும். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் 2011-இல் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தன் பொருள்களின் இறுதிக்கட்ட உற்பத்தியில் என்-ஹெக்சேனுக்கும் பென்சீனுக்கும் தடை விதித்தது 2014-இல். இடையில் 3 ஆண்டுகள். அந்த 2014-இன் தொடக்கத்திலிருந்தே தொழிலாளர் அமைப்புகள் கடுமையாகப் பிரசாரம் செய்துவந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

சுற்றுச்சூழலிலும் ஒரு நல்ல கணக்கு உண்டு. சிப் உற்பத்தியில் வெளியாகும் ஃபுளோரின் சேர்ந்த வாயுக்கள் புவியைச் சூடேற்றுவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையானவை. உலகச் சிப் தயாரிப்பாளர்கள் 1999-இல் தாங்களாகவே ஓர் இலக்கு வைத்தார்கள்: 1995-இன் அளவிலிருந்து 2010-க்குள் 10 சதவீதம் குறைப்பது. இலக்கையும் தாண்டி 32 சதவீதம் குறைத்தார்கள்.

இவை மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. பணம் திரும்பியதா, ரசாயனம் நின்றதா, வாயு குறைந்ததா என்று வெளியிலிருந்து அளந்து பார்க்க முடியும். இப்படி அளக்கக்கூடிய இடங்களில் தன்னார்வ விதிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. வேகம், கூலி, குரல் ஆகியவற்றில்தான் தடுமாறுகின்றன.

சீனாவில் 2010-இல் நடந்த தற்கொலைகளுக்குப் பிறகு வேலை நேரம் குறைந்ததா?

கொஞ்சம் குறைந்தது. ஷென்சென் நகரில், ஆப்பிள் போன்ற பிராண்டுகளுக்குப் பொருள் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கானின் ஆலை வளாகங்களில் அந்த ஓர் ஆண்டில் பத்துக்கு மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நிர்வாகம் கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது, கூலியையும் உயர்த்தியது. 2012-இல் ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற அமைப்பு மூன்று ஆலைகளில் 35,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்டது. உச்ச காலத்தில் வாரம் 60 மணி நேரத்தைத் தாண்டி வேலை வாங்கியது தெரிந்தது. 2013-இன் இறுதியில் மீண்டும் பார்த்தபோது 60 மணி நேர வரம்புக்குள் வந்திருந்தார்கள். ஆனால் சீனச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குள் இன்னும் வரவில்லை.

அதே ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இருவர் தங்கள் கூலி அடிப்படைத் தேவைகளுக்குப் போதவில்லை என்றார்கள். கூடுதல் நேரம் வேலை செய்ய விரும்புகிறோம் என்று சொன்னவர்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதில் முரண் எதுவும் இல்லை. அடிப்படைக் கூலி போதாதவர் ஓ.டி.யைத்தான் கேட்பார். கூலியைத் தொடாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் அது தொழிலாளியின் வீட்டுச் சாப்பாட்டில்தான் போய் முடியும்.

விதி இருந்தும் ஏன் மீறுகிறார்கள்?

பெரும்பாலும் அவசரத்தால். புதிய செல்பேசி மாதிரி குறிப்பிட்ட தேதிக்குக் கடைகளுக்கு வந்தாக வேண்டும். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஆலைக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் தேவை. ஒப்பந்தக்காரர்கள் மூலம் அள்ளி எடுப்பார்கள். கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் நரசாபுரத்தில் ஐபோன் செய்துவந்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று நடந்த கலவரத்தின் பின்னணி அதுதான். சில மாதங்களில் தொழிலாளர் எண்ணிக்கை இரட்டிப்பானது. சம்பளக் கணக்கும் வருகைப் பதிவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பேசிய கூலி வரவில்லை என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள், ஆலை உடைக்கப்பட்டது. பின்னர் கம்பெனியே மன்னிப்புக் கேட்டது, ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்துப் புதிய ஆர்டர்களை நிறுத்தியது.

ஒரே பிராண்டின் பொறுப்புத் துறை "60 மணி நேரத்தைத் தாண்டாதே" என்கிறது. அதே பிராண்டின் கொள்முதல் துறை "இந்தத் தேதிக்குள், இந்த விலைக்கு" என்கிறது. ஆலை எதற்குக் கீழ்ப்படியும்? கொள்முதல் விலையும் கால அவகாசமும் மாறாதவரை விதியை ஆலைதான் ஏதாவது ஒரு விதத்தில் வளைக்கும். ஆலை நிர்வாகங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

2021-இல் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் விடுதியில் நடந்தது என்ன? அதன் பிறகு நிலைமை மாறியதா?

2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த, ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களில் 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு நஞ்சானது. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்க்கப்பட்டவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

அந்த ஆலைக்கு அதற்கு முன் நடத்தை விதிகள் இல்லாமல் இல்லை. விடுதிகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. தரையில் நெருக்கிப் படுப்பதும், தண்ணீர் வராத கழிப்பறையும், கெட்ட சோறும் நெடுஞ்சாலை மறிக்கப்பட்ட பிறகுதான் எல்லோர் கண்ணிலும் பட்டன. வதந்தி ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்று யோசித்துப் பாருங்கள். நம்பிக்கையோடு கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள்கூட நிர்வாகத்தில் இல்லாத இடத்தில்தான் வதந்தி உண்மையைவிட வலுவாக இருக்கும்.

பிறகு நடந்த மாற்றம் பெரியது. வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. முன்பு நான் சொன்ன கற்பனைக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் சி.எஸ்.ஆர். பணத்தில் இதைக் கட்ட 350 ஆண்டுகள் ஆகும். இந்த அளவிலான தேவையை அரசும் ஆலையும் நேரடிப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் நிறைவேற்றவே முடியாது.

திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாகச் சொல்கிறார்களே?

ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2024 ஜூனில் இதே ஃபாக்ஸ்கான் ஆலையைப் பற்றி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. திருமணமான பெண்களை ஐபோன் தயாரிப்பு வேலைக்கு எடுப்பதை முறைப்படி தவிர்த்ததாகச் செய்தி சொன்னது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. பின்னர் வேலைக்கு ஆள் எடுக்கும் முகமைகளிடம், விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று சொல்லப்பட்டதாக அதே நிறுவனம் செய்தி வெளியிட்டது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தனியார் துறையில் திருமணத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பதை நேரடியாகத் தடுக்கும் சட்டம் அப்போது இல்லை. பிராண்டின் நடத்தை விதி தடுத்தது. சட்டத்தைவிடக் கம்பெனி விதி ஒரு படி மேலே நின்ற இடம் இது. அந்த விதி எழுத்தில் இருந்ததால்தான் கேள்வி கேட்க முடிந்தது. விதிகளால் பயனே இல்லை என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறேன்.

சங்கம் இருந்தால் இவ்வளவு விதிகளும் தேவைப்படுமா?

குறைவாகத் தேவைப்படும். தணிக்கையாளர் ஆண்டில் சில நாள் வருகிறார். தொழிலாளி தினமும் அங்கே இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஊதிய உயர்வும் கேட்டார்கள், ஆனால் முதன்மையான கோரிக்கை சங்கத்துக்கு அங்கீகாரம். கம்பெனியின் பெயர் சங்கத்தின் பெயரில் வருவதற்கே ஆட்சேபம் எழுந்தது. வேலைநிறுத்தம் அக்டோபர் 15-இல் முடிந்தது, சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

அதே நிறுவனத்தின் தாய்நாட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். தென்கொரியாவின் கிஹுங் சிப் ஆலையில் வேலை பார்த்த 22 வயதுப் பெண் 2007-இல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தந்தை டாக்சி ஓட்டுநர். மகளுடைய நோய்க்கு வேலையே காரணம் என்று அவர் தொடங்கிய போராட்டத்தில், நோயுற்ற பிறரின் குடும்பங்களும் சேர்ந்தன. சாம்சங் அலுவலகத்தின் முன் 1,000 நாளுக்கு மேல் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2018 நவம்பர் 23 அன்று கம்பெனி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, ஒருவருக்கு 15 கோடி வோன் வரை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அந்தப் பதினோரு ஆண்டுகளிலும் அந்தக் கம்பெனியின் சமூகப் பொறுப்பு அறிக்கைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருந்தன.

காங்கோ கனிமங்களைப் பற்றிய விதிகளால் அங்குள்ள மக்களுக்கு நன்மை வந்ததா?

கலவையான பதில்தான். மின்னணுப் பொருள்களில் சேரும் வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகிய நான்கும் கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழுக்களுக்குப் பணம் தருகின்றன என்பதால், 2010-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. இவற்றைப் பயன்படுத்தும் கம்பெனிகள் அவை எங்கிருந்து வந்தன என்று தேடிச் சொல்லவேண்டும். உருக்காலைகளைச் சரிபார்க்கும் முறை அதனால்தான் வலுப்பெற்றது. ஆனால் பல கம்பெனிகள் அந்த வட்டாரத்தில் வாங்குவதையே நிறுத்திவிட்டன. கையால் தோண்டிப் பிழைத்த ஏழைகள் ஒரே அடியாக வருமானம் இழந்தார்கள். கைகழுவுவது எளிது, அங்கேயே நின்று சரிசெய்வது கடினம். பொறுப்பு என்ற சொல் பொருந்துவது இரண்டாவதற்குத்தான்.

பழைய செல்பேசிகளைச் சேகரிப்பது சி.எஸ்.ஆர். ஆகுமா?

ஆகாது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி அது தயாரிப்பாளரின் சட்டக் கடமை. அதைச் சமூக சேவையாக விளம்பரப்படுத்தினால் ஏமாற வேண்டாம்.

கம்பெனி மூடிக்கொண்டு போய்விட்டால்?

திட்டங்களும் போய்விடும். நோக்கியா 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி, உச்சத்தில் 8,000 பேர் வரை நேரடியாக வேலை செய்த ஆலையை 2014 நவம்பர் 1-இல் நிறுத்தியது. அதை நம்பியிருந்த துணை ஆலைகளும் ஆட்டம் கண்டன. பதினெட்டு வயதில் சேர்ந்த பெண்கள் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் வெளியே வந்தார்கள். அடுத்த ஆலை புதிதாகப் பள்ளி முடித்தவர்களைத்தான் தேடியது. ஒரு லைனில் ஒரே ஸ்டேஷனில் ஏழெட்டு ஆண்டு செய்த வேலைக்கு வெளியே சான்று இல்லை. ஆலைகள் தொழிலாளர்களுக்கு வேறிடத்திலும் செல்லுபடியாகும் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் கொடுக்கவேண்டும் என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

ஒரு கம்பெனியின் கணக்கை நாங்கள் எங்கே பார்ப்பது?

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர். இணையதளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடலாம். கம்பெனிக்கு இணையதளம் இருந்தால் அதிலும் சி.எஸ்.ஆர். கொள்கையையும் திட்டங்களையும் வெளியிட வேண்டும். தொகையைப் பார்ப்பதோடு நிற்காமல் மாவட்டத்தைப் பாருங்கள். ஆலை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்து, பணம் வேறு மாநிலத்தில் செலவாகியிருந்தால் காரணம் கேட்கலாம். உங்கள் கிராமசபைத் தீர்மானம் ஒன்றை இணைத்து அனுப்பினால் கடிதத்துக்கு வலு கூடும்.

வாசலுக்கு உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது கடினம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 கம்பெனிகள் தொழிலாளர் நலன், பாதுகாப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை போன்றவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆனால் நம் வட்டாரத்தில் உள்ள வெளிநாட்டு மின்னணு ஆலைகள் பலவும் பட்டியலிடப்படாத தனியார் கம்பெனிகள். அவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இது மாறவேண்டும்.

ஆலையிலோ விடுதியிலோ பிரச்சினை என்றால் எங்கே புகார் சொல்வது?

கம்பெனியின் புகார்ப் பெட்டியோடு நிறுத்திவிடாதீர்கள். இயந்திரம், ரசாயனம், வேலை நேரம் பற்றியவை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போகவேண்டும். பெண்கள் விடுதிகள் 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் எங்கே என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பாலியல் தொல்லை பற்றிய புகாரைக் கம்பெனியின் உள்ளகக் குழுவிடம் கொடுக்கலாம். புகார் முதலாளியின் மீதே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளியும் வேலை பழகுபவரும் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்துக்குள் வருவார்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

எங்கே கொடுத்தாலும் எழுத்தில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகலை அறையில் வைக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லும்போது முதலில் காணாமல் போவது அந்தக் காகிதம்தான்.